ஏன் ஒன்பது பேர்?

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டேன். பிறகு மனம் ஒப்பவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியனிடம் சொந்த மகளே, "வாலிபாலுக்கு ஆறு பேர்தானே அப்பா, இங்கே ஏன் ஒன்பது பேர் நிற்கிறார்கள்?" என்று கேட்டால், அதற்கு உட்கார்ந்து எழுதுவதுதான் முறை. நீ "மாமாசான் வாலிபால்" என்று சொன்னது காதில் விழுந்ததும் உன் அம்மா, யார் அந்த மாமா என்று விசாரித்தாள். ஜப்பானில் மாமா என்றால் அம்மா என்று விளக்கினேன். முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

உங்கள் பேட்டைப் பெண்கள் விதியை மாற்றி ஆடுவதாக நீ நினைத்துவிட்டாய். உண்மையில் அவர்கள் ஆடுவது ஆசியாவின் பழைய ஆட்டம். இந்த விளையாட்டு பிறந்தபோது ஆறு என்ற கணக்கே கிடையாது. 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மோர்கன், தம்மிடம் மாலையில் பயிற்சிக்கு வந்த நடுவயது வியாபாரிகளுக்காக இதை உருவாக்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்திருந்த பாஸ்கெட்பால் அவர்களுக்கு மூச்சு வாங்க வைத்தது. இடித்துக்கொள்ளாமல், ஓடாமல், ஆனாலும் வியர்க்கும்படி ஏதாவது வேண்டும் என்று யோசித்தவர், ஆறரை அடி உயரத்தில் ஒரு வலையைக் கட்டி, பாஸ்கெட்பாலின் உள்ளே இருக்கும் பிளாடரை மட்டும் எடுத்துத் தட்டச் சொன்னார். அது மிகவும் மெதுவாகப் போயிற்று, முழுப் பந்தோ கையை நோகடித்தது. அதனால் ஸ்பால்டிங் நிறுவனத்தைக் கொண்டு தனியாக ஒரு பந்து செய்வித்தார். பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம், பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். மின்டோனெட் என்பது அவர் வைத்த பெயர். 1896இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹோலியோக்கின் மேயர் ஓர் அணிக்கும் தீயணைப்புப் படைத் தலைவர் மறு அணிக்கும் தலைமை தாங்க, ஆளுக்கு ஐந்து பேராக ஆடிக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஹால்ஸ்டெட், பந்து தரையைத் தொடுவதற்குள் அடிக்கும் ஆட்டம் என்பதால் வாலிபால் என்று அழைக்கலாமே என்றார்.

அங்கிருந்து ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ.க்காரர்களின் பெட்டியிலேறி ஊர் ஊராகப் போயிற்று. ஜப்பானுக்கு 1908இல் கொண்டுவந்தவர் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துத் திரும்பிய ஓமோரி ஹியோசோ என்பவர். பிலிப்பைன்ஸுக்கு 1910 வாக்கில் எல்வுட் பிரவுன் எடுத்துச் சென்றார். அங்கேதான் ஆட்டத்தின் குணமே மாறியது. ஒருவர் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் எம்பி ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் அவர்கள் கண்டுபிடித்ததே. அதற்கு அவர்கள் சொன்ன பேர் பொம்பா! நோகாமல் ஆடுவதற்கென்று பிறந்த விளையாட்டு அன்றோடு போயிற்று.

இனி உன் ஒன்பதுக்கு வருகிறேன். ஆசியாவில் இந்த ஆட்டம் கூரைக்குக் கீழே நடக்கவில்லை. திறந்த வெளியில், நிறையப் பேரை ஒரே நேரத்தில் ஆட வைக்கும் நோக்கத்தோடு நடந்தது. 1913இல் மணிலாவில் நடந்த தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளில் பக்கத்துக்குப் பதினாறு பேர் நின்றார்கள். பிறகு அது பன்னிரண்டாகி, 1927இல் ஷாங்காயில் ஒன்பதானது. அமெரிக்கா 1918லேயே ஆறு என்று முடிவுகட்டியிருந்தும் ஆசியா அதைச் சட்டை செய்யவில்லை. 1947இல் பாரிசில் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகி, உலகப் போட்டிகள் ஆறு பேருக்கு என்று ஆன பிறகும்கூட, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் ஆறு பேர் ஆட்டம் ஒன்று, ஒன்பது பேர் ஆட்டம் ஒன்று என இரண்டையும் தனித்தனியாக நடத்தினார்கள். அதில் ஆறு பேர் ஆட்டத்தில் நம் இந்தியாவுக்கு வெண்கலம்.

நீ இருக்கும் ஒசாகாவுக்குத் தெற்கே கைசுகா என்று ஓர் ஊர் உண்டு. அங்கிருந்த நிச்சிபோ நூற்பு ஆலையின் பெண்கள் அணியும் ஒன்பது பேர் ஆட்டத்தில் கொடி நாட்டிய அணிதான். உலகப் போட்டிகளில் ஆறு பேர் ஆட்டம்தான் என்பதால், பயிற்சியாளர் தைமாட்சு ஹிரோபூமி அவர்களை அதற்கு மாற்றினார். மூன்று பேர் குறைந்தால் மூன்று பேர் காத்த இடம் வெறுமையாகிவிடும் அல்லவா? அதை நிரப்பத்தான் விழுந்து பந்தை எடுத்து, அப்படியே தோளில் புரண்டு எழுந்து நிற்கும் முறையை அவர் பழக்கினார். தள்ளிவிட்டாலும் நிமிர்ந்துகொள்ளும் பொம்மையைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்பார்கள். நம் வீட்டு ஷோகேஸில் நீ ஆட்டிக்கொண்டே இருப்பாயே, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, அதே கணக்கு.

பகலெல்லாம் ஆலை வேலை, அது முடிந்ததும் நள்ளிரவு தாண்டியும் பயிற்சி. அந்த அணி 258 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்கவே இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கென்று ஒலிம்பிக்கில் வந்த முதல் குழு விளையாட்டும் அதுவே. ஜப்பான் அணியில் பெரும்பாலோர் இந்த ஆலைப் பெண்கள். அக்டோபர் 23ஆம் தேதி சோவியத் அணியை 15-11, 15-8, 15-13 என்று வென்றார்கள். கடைசிப் புள்ளி ஸ்மாஷில் வரவில்லை. எதிரணிக்காரி வலைக்கு மேலே கையை நீட்டிவிட, நடுவர் விசில் ஊதினார், தங்கம் வந்துவிட்டது. அன்று அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த வீடுகள் 66.8 விழுக்காடு.

பார்த்துவிட்டு நாடு முழுவதும் இல்லத்தரசிகள் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒலிம்பிக்கின் ஆறு அல்ல, பழைய ஒன்பது. 1970 முதல் அவர்களுக்கென்று தேசியப் போட்டியே நடக்கிறது. இதில் எனக்கு வியப்பில்லை. ஆறு பேர் ஆட்டத்தில் ரொட்டேஷன் உண்டு, அதாவது ஆடுபவர்கள் இடம் மாறிச் சுழல வேண்டும், குட்டையானவளும் ஒரு சுற்றில் வலையோரம் நின்றுதான் ஆக வேண்டும். ஒன்பதில் சுழற்சி கிடையாது. முன் வரிசை, நடு வரிசை, பின் வரிசை என்று அவரவருக்கு ஏற்ற இடத்திலேயே கடைசிவரை நிற்கலாம். சர்வீஸ் ஒன்று வலையில் மாட்டினாலும் இன்னொன்று போடலாம். ஆறு பேர் ஆட்டத்துக்குக் குள்ளமானவர்களின் நினைவு வர 1998 ஆயிற்று. பின் வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுக்கும் லிபரோ என்று ஓர் இடத்தை அப்போதுதான் கொடுத்தார்கள்.

அந்த லிபரோ இடத்துக்குத்தான் உன்னைப் பழக்கினேன், நினைவிருக்கும். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட செம்மண் தரையில், சல்லிக்கல் பொறுக்காமலேயே, தைமாட்சுவின் பெயரைச் சொல்லிச் சொல்லி உன்னை விழ வைத்தேன். அவர்கள் மரத் தரையில் புரண்டார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன். முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டபடி அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. பிளஸ் ஒன்னில் நீ ஆட்டத்தை விட்டபோது காரணம் கேட்கவும் எனக்குத் துணிவில்லை. தவறு என்னுடையதுதான் அம்மா.

இத்தனை ஆண்டுகள் கழித்து நீயாகவே ஷூ வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். ஆசிரியனாக இரண்டே வார்த்தை: முதல் சர்வீஸைத் தயங்காமல் ஓங்கிப் போடு, இரண்டாவது இருக்கிறது; முட்டிக்கு உறை போடாமல் கோர்ட்டில் இறங்காதே. உன்னை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்று அடுத்த ஞாயிறு சொல். அந்த மாமா விஷயத்தையும் அம்மாவுக்கு நீயே ஒருமுறை விளக்கிவிடு.

அன்புடன்,
அப்பா