தீயை அணைத்தவர் பெயரையும் கணக்கில் எழுதுங்கள்

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் வாக்காளர்களுக்கு,

வணக்கம். சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதுக்கும், பெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் நீங்கள். அதனால் இதை உங்களிடமே சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசும் ரிலீஃப் பிட்சர்களை எண்களால் எடைபோடும் விதம் பல வருடங்களாக என் மனதை உறுத்துகிறது.

ஏழாவது இன்னிங்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரன்னுக்காக ஓடும் வழியிலுள்ள மூன்று பேஸிலும் எதிரணி ஆள் நிற்கிறார்கள், ஒரு அவுட்கூட விழவில்லை. ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னின் கதவு திறந்து ஒருவர் ஓடி வருகிறார். அவர் வீசிய முதல் பந்தையே பேட்டர் சென்டர் ஃபீல்டுக்கு அடிக்கிறார்; இரண்டு பேர் ஹோம் வந்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு ஸ்டிரைக்அவுட் (பிட்சர் தன் வீச்சாலேயே எடுக்கும் அவுட்), ஒரு டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்), இன்னிங்ஸ் முடிந்தது. அந்த இரண்டு ரன்னும் யார் கணக்கில் ஏறும்? பேஸ்களை நிரப்பிவிட்டுப் போன முந்தைய பிட்சரின் கணக்கில். பந்து வீசி அடி வாங்கியவரின் ஈஆர்ஏ (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை போக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) அன்றைக்கு அப்பழுக்கில்லாத பூஜ்யம்.

மறுநாள் அதே நிலையில் இன்னொருவர் வருகிறார். மூன்று பேரையும் ஸ்டிரைக்அவுட் செய்கிறார். பேஸில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அவருக்கும் அதே பூஜ்யம்தான். இந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்க எப்படி மனம் வருகிறது?

இந்த எண்கள் போதாது என்று முன்பே பார்த்தவர் உங்கள் தொழில்காரர்தான். 1959இல் ரிலீஃப் பிட்சர் ராய் ஃபேஸ் தன் பெயரில் 18 வெற்றி, ஒரு தோல்வி என்று முடித்தார். அந்த வெற்றிகளில் சில, அவரே முன்னிலையைக் கோட்டைவிட்ட பிறகு அணி மீண்டு வந்து கிடைத்தவை. அதைக் கவனித்த சிகாகோ எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 'சேவ்' என்ற கணக்கைக் கொண்டுவந்தார்: அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடிக்கும் ரிலீஃப் பிட்சருக்கு ஒரு சேவ். 1969இல் அது அதிகாரபூர்வமானது. நல்ல நோக்கம்தான். ஆனால் 2007 ஆகஸ்ட் 22 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பால்டிமோரை 30-3 என்று நொறுக்கிய ஆட்டத்தில், கடைசி மூன்று இன்னிங்ஸ் வீசிய வெஸ் லிட்டில்டனுக்கு ஒரு சேவ். விதிப்படி சரி. காப்பாற்ற அங்கே என்ன ஆபத்து இருந்தது?

எண் ஆளை அளப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஆட்டத்தையே அது வளைக்கிறது. 2016இல் பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் 67 இன்னிங்ஸில் கொடுத்த ரன்களில் ஈஆர்ஏ கணக்கில் சேர்ந்தவை வெறும் 4, ஈஆர்ஏ 0.54. 47 வாய்ப்பில் 47 சேவ். அந்த வருட வைல்டு கார்டு ஆட்டம் (தோற்றால் சீசன் முடிந்தது), டொரன்டோவில் 2-2 என்று சமநிலை. முன்னிலை கிடைத்து சேவ் வாய்ப்பு வரட்டும் என்று காத்திருந்து, அணி அவரை இறக்கவே இல்லை. 11ஆவது இன்னிங்ஸில் டொரன்டோவின் எட்வின் என்கார்னசியோன், பால்டிமோரின் உபால்டோ ஹிமெனெஸின் பந்தை ஹோம் ரன் அடித்தார், 5-2. வருடம் முழுக்க யாராலும் தொட முடியாத ஒரு கை, சீசனின் கடைசி ராத்திரியில் சும்மா இருந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. சை யங் ஓட்டெடுப்பில் அவருக்குக் கிடைத்தது நாலாவது இடம்.

ரிலீஃப் பிட்சர் பில்லி வாக்னரையும் பாருங்கள். ஈஆர்ஏ 2.31, 1,196 ஸ்டிரைக்அவுட். '903 இன்னிங்ஸ்தானே' என்ற தயக்கத்தில் 2016இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 10.5 சதவீத ஓட்டு. பத்தாவது, கடைசி வாய்ப்பான 2025இல் 82.5 சதவீதம். நடுவில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. மாறியது உங்கள் பார்வை. இன்னும் கொஞ்சம் மாறட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அவருக்காவது 422 சேவ் இருந்தது. ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் வந்து நெருப்பில் நிற்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது. ஒரு பிட்சர் உள்ளே வரும்போது பேஸில் எத்தனை பேர் நின்றார்கள், அதில் எத்தனை பேர் ஹோம் சேர்ந்தார்கள் என்ற கணக்கு ஏற்கெனவே எழுதப்படுகிறது. யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அடுத்த முறை ஓட்டுச்சீட்டை எடுக்கும்போது, சேவ் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் தயவுசெய்து அந்தக் கணக்கைப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு பேஸ்பால் ரசிகன்