தம்பி, ஸ்பீக்கர் பழுதோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். உப்புவெளியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பொடியள் சேர்ந்து மரியோ என்ற ரிவி விளையாட்டின் அருமையான மெட்டைக் கெடுத்து, ரீமிக்ஸ் என்ற பெயரில் இரைச்சல் போட்டார்கள் என்று திட்டியிருந்தார். அது எங்கள் வீடு. பொடியன் என் தங்கையின் மகன், ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். அன்று சத்தம் கொஞ்சம் கூடத்தான், பக்கத்து வீட்டாரிடம் அன்றிரவே மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் அந்த 'இரைச்சல்' என்ற சொல்லை அப்படியே விட மனமில்லை.

2002 சமாதான காலத்தில் மாமா கொழும்பிலிருந்து பெயரில்லாத ஒரு ரிவி கேம் கொண்டுவந்தார். கசெட்டைக் கழற்றி, அடியில் வாயால் ஊதி, திரும்பச் செருகி நானும் தங்கையும் சண்டை பிடித்து விளையாடிய பாட்டுத்தான் அது. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. 1985இல் அந்த விளையாட்டைச் செய்த நிண்டெண்டோ கம்பனிக்காகக் கோஜி கொண்டோ என்பவர் அமைத்தது என்பதெல்லாம் இந்தப் பொடியன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டியில் ஒலி வருவதற்கு ஐந்தே வழிகள் இருந்தனவாம். மரியோ பாட்டில் கேட்பது நான்கு: மெட்டுக்கும் துணை மெட்டுக்கும் இரண்டு, கீழே உறுமுவதற்கு ஒன்று, நான்காவது வெறும் இரைச்சல், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடாதபோது 'உஷ்' என்று வருமே, அதேதான். அதைத் துணுக்குத் துணுக்காக விட்டுத்தான் தாளம் ஆக்கியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர் புகழ்கிற பாட்டிலேயே நாலில் ஒரு பங்கு இரைச்சல் இருக்கிறது, என்ன செய்வது?

சரி, இவன் என்ன செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் மரியோ குதிக்கும்போது ஒரு சத்தம் வரும், அதற்கெனத் தனி வழி இல்லாததால் பாட்டில் ஒரு குரல் அந்தக் கணத்துக்கு ஒதுங்கி இடம் விடும், விளையாடுகிற மும்முரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இவன் தன் அம்மாவை லப்டொப் முன் உட்காரவைத்து ஒருமுறை விளையாடச் சொல்லிப் பதிவு செய்து, பிறகு குதிக்கும் சத்தங்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளை அப்படியே வைத்துவிட்டான். மாடியில் அது ஒலித்தபோது முதல் நாலு நிமிடம் எனக்கும் எரிச்சல்தான், மெட்டு எப்போது வரும் வரும் என்று காத்திருந்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. பக்கத்தில் இருந்த தங்கை என் கையைப் பிடித்து, "அக்கா, இந்த இடத்திலதான் நான் குழிக்குள்ள விழுந்தனான்" என்றாள். அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன்.

வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். வயதானவர்கள்தான் கோபிப்பார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை. ஒரு ஐயா மட்டும் "தம்பி, ஸ்பீக்கர் பழுதோ?" என்று கேட்டார், இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு கடைசிவரை இருந்தார். மரியோவைக் கண்ணாலும் காணாத ஆறு வயதுப் பிள்ளை ஒன்று உறுமல் வரும் இடமெல்லாம் குதித்து ஆடியது. கொதித்துப்போனவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர், சின்னதில் விளையாடினவர்கள். ஒருவர் பாதியில் எழும்பிப் போய்விட்டார், இன்னொருவர் ஒரிஜினலைப் போடு என்று இரண்டு தரம் கத்தினார். அவர்கள் காத்துக்கொண்டு நின்றது பாட்டையா, தங்கள் சின்ன வயதையா என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவில் சமா நடக்கும்போது பாட்டு எங்கே என்று இவர்களில் யாராவது கேட்டதுண்டா?

மெட்டைப் பற்றியும் பயப்பட வேண்டாம். 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, விளையாட்டு இசை ஒன்று அதில் இடம்பிடித்தது அதுதான் முதல் தடவை. உப்புவெளிப் பொடியன் ஒருவனால் அதற்கு இனி ஒரு கீறலும் விழாது.

எனக்கும் குறை இருக்கிறது, இல்லாமல் இல்லை. விளையாட்டில் நேரம் 100க்கு இறங்கியதும் பாட்டு ஓட்டம் எடுக்குமே, அந்த இடத்தை இவன் தவழவிட்டு ஏழு நிமிடம் இழுத்துவிட்டான். எனக்குக் கொட்டாவி வந்தது, வெட்டடா என்று சொன்னேன். "பெரியம்மா, அதுதான் முக்கியமான இடம்" என்றான். இன்னும் வெட்டவில்லை.

அடுத்த மாதம் திரும்பவும் போடப்போகிறான். கடிதம் எழுதிய வாசகர் வந்தால் முன் வரிசையில் கதிரை உண்டு, பிளேன்ரீயும் உண்டு. இந்தமுறை ஸ்பீக்கரைக் கடல் பக்கம் திருப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.