கல்யாணத்தை நிறுத்தியவர் மறுபடி அந்த வீட்டுக்குத் தனியாகப் போகிறார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதங்கள் வந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி தவறாமல் வரும். 16 வயதுச் சிறுமிக்கு நடக்கவிருந்த திருமணம் நிறுத்தம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பு வந்தது, அலுவலர்கள் போலீசாருடன் போனார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள், சிறுமி குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்தப்பட்டார். செய்தி அதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பிரச்சினை ஆரம்பிப்பதே அதற்கு அப்புறம்தான்.

என் மனைவி குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் களப்பணியாளர். தொகுப்பூதியம், வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். நான் டூ வீலர் மெக்கானிக். அவர் பத்திரிகைக்கு எழுதினால் அடுத்த ஒப்பந்தம் வருமா என்று தெரியாது. என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது என்பதால் நான் எழுதுகிறேன்.

கல்யாணத்தை நிறுத்தப் போகிற அன்றைக்கு எனக்கு அவ்வளவு பயம் இருக்காது. கூட்டமாகத்தான் போவார்கள். ஊர்நல அலுவலர், வி.ஏ.ஓ., இரண்டு போலீஸ், ஒரு ஜீப். கூச்சல் இருக்கும், மண்ணை வாரித் தூற்றுவார்கள், ஒரு மண்டபத்தில் பந்திக்கு வைத்திருந்த இலைக்கட்டைத் தூக்கி முகத்தில் எறிந்திருக்கிறார்கள். ஆனாலும் காக்கிச் சட்டை நிற்கிறவரை அதற்கு மேல் போகாது.

பிறகுதான் விஷயமே. அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடம் போகிறாளா, இல்லை வேறு ஊர்க் கோயிலில் வைத்து ரகசியமாகத் தாலி கட்டிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். குடும்ப நிலைமையை விசாரித்து அறிக்கை எழுதிக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு ஜீப்பும் இல்லை, போலீசும் இல்லை. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், சமையல்காரருக்குக் கொடுத்தது, வட்டிக்கு வாங்கி எடுத்த நகை என்று எல்லாக் கணக்கும் நெஞ்சில் எரிந்துகொண்டிருக்கிற வீடு அது. அந்த வாசலில் போய், கையில் ஒரு ஃபைலோடு அவர் ஒற்றை ஆளாக நிற்க வேண்டும்.

அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. என் மனைவியும் சொல்ல மாட்டார். பெண்ணை யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து கல்யாணம் பேசுகிறவர்கள்தான் பாதிப் பேர். பாட்டியிடம் முதலில் பேசு, தரையில் உட்கார், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி, கதவுக்கு முதுகைக் காட்டாதே. இதெல்லாம் அவர் அனுபவத்தில் கற்றுக்கொண்டது, எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லையாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கு என்றால் நிலைமை வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ, அக்கம்பக்கத்தவராகவோ இருப்பார். அங்கே முதலில் பணம் பேசுவார்கள், அது நடக்காவிட்டால் ஆள் வருவார்கள்.

அலுவலகம் செய்யாத ஏற்பாட்டை நாங்களே செய்துகொண்டோம். வேலைக்கு நடுவே கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். வண்டியை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவேன், சாவியை எடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடிப்பேன். ‘சமைச்சு வெச்சிருக்கேன், சாப்பிடுங்க’ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ‘தண்ணி மோட்டாரை நிறுத்துனீங்களா?’ என்று கேட்டால் நான் உடனே உள்ளே போக வேண்டும். மோட்டார் கேள்வி வந்த நாட்களும் உண்டு. பெட்ரோலும் என் கணக்கு, என் கூலி நேரமும் என் கணக்கு. ஒரு அரசுத் திட்டத்தின் பாதுகாப்பு ஏற்பாடு ஒரு மெக்கானிக்கின் பழைய ஸ்ப்ளெண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவன் இல்லாத, அல்லது கணவன் ஒத்துழைக்காத பெண்கள் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தாலே பகீர் என்கிறது.

போன வருடம் கடைக்கு ஒருவர் பங்க்சர் ஒட்ட வந்தார். நான் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘மேடத்தோட வீட்டுக்காரர் நீங்கதானே?’ என்றார். ஆமாம் என்றேன். ‘பாப்பா சாயங்காலம் டியூஷன் முடிஞ்சு தனியாத்தான் வருது போல.’ குரலை உயர்த்தவில்லை, கெட்ட வார்த்தை இல்லை. காசைக் கொடுத்தார், மீதிச் சில்லறையைக்கூட வாங்கிக்கொண்டு போனார். அவர் யார் என்று இரவு என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. நின்றுபோன ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன்.

காவல் நிலையத்துக்குப் போனோம். மிரட்டினாரா, என்ன வார்த்தை சொன்னார், சாட்சி யார் என்று கேட்டார்கள். டியூஷன் முடிந்து தனியாக வருகிறாள் என்பதை எந்தப் பிரிவில் எழுதுவது? கடைசியில் வழக்குப் பதியாமல், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், அதுவும் என் மனைவி பெயரில், சொந்தப் புகாராக. அலுவலகத்தில் சொன்னபோது ‘இந்த வேலைன்னா அப்படித்தாம்மா, கொஞ்சம் சூதானமா இருங்க’ என்றார் மேலதிகாரி. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த மிரட்டல் அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அடுத்த வாரம் அதே ஊருக்கு அதே ஆளைத்தான் அனுப்பினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துப் பார்த்தேன். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், தடுப்பு அலுவலரைப் பொது ஊழியராகக் கருத வேண்டும் என்கிறது. பொது ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். அவருக்காக வீடு வீடாகப் போகிற ஒப்பந்தப் பணியாளரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. இவர் அரசு ஊழியரா, இல்லையா என்று காவல் நிலையத்தில் எங்களை நிற்க வைத்துக்கொண்டே விவாதித்தார்கள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் என்ன நடக்கும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போடவே முடிகிறது. நோயாளியின் உறவினர் ஆஸ்பத்திரிக்கு வந்து சண்டை போடுகிறார். இங்கே பணியாளரே கோபக்காரர் வீட்டுக்குள் போகிறார். எதில் ஆபத்து அதிகம் என்று வாசகர்களே சொல்லட்டும்.

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்று ஒருவர். மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்ப மதிப்பூதியத்துக்கு வேலை செய்த கிராமப் பெண். 1992-ல் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தார். அதற்குப் பழிவாங்க, கணவர் கண்ணெதிரேயே அவரைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. 1995-ல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. அதிலிருந்து 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. வேலை நிமித்தமாகப் போகிற எந்த இடமும், போய்வர அலுவலகம் தரும் வாகனமும்கூடப் பணியிடம்தான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. என் மனைவியின் அலுவலகத்திலும் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் சுவரில் தொங்குகிறது. நல்லதுதான். ஆனால் எந்த வேலை செய்ததற்காகப் பன்வாரி தேவிக்கு அந்தக் கொடுமை நடந்ததோ, அதே வேலைக்கு இன்றைக்கும் பெண்களை ஒற்றை ஆளாகத்தான் அனுப்புகிறோம்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. கல்யாணம் நின்ற வீட்டுக்கு மறுபடி விசாரிக்கப் போகும்போது இரண்டு பேராக அனுப்புங்கள். சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே ஒரு தகவல் போகட்டும், திரும்பி வந்ததும் இன்னொரு தகவல். பணியாளரின் சொந்த செல்போன் எண் ஊரெல்லாம் சுற்றுகிறது, ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்துவிட்டு அழைக்கிறார்கள். அலுவலக எண் ஒன்று கொடுத்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிரட்டல் வந்தால் அதைப் பதிவேட்டில் எழுதி, அலுவலகத்தின் பெயரில் புகார் கொடுத்து, அந்த ஊருக்கு வேறு ஆளை மாற்ற வேண்டும். மிரட்டப்பட்டது அரசின் வேலை. என் மனைவிக்கும் அந்தத் தாய்மாமனுக்கும் சொந்தப் பகை ஒன்றும் இல்லையே.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுமியின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருப்பதால் அதில் கவனமாக இருக்கிறீர்கள். ஆனால் மண்டபத்தில் நிற்கிற களப்பணியாளரின் படத்தைப் பெயரோடு போட்டுவிடுகிறீர்கள். தகவல் கொடுத்தவர் ‘அதே தெருவைச் சேர்ந்த ஒருவர்’ என்றும் சில செய்திகளில் பார்த்தேன். அந்தத் தெருவில் இருப்பதே பத்து வீடுதான் சார். பாராட்டுவதற்காகத்தான் போடுகிறீர்கள் என்று தெரியும். இனிமேல் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம், தெருவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் எங்கள் ஊர்ப் பெயரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்