கித்தாருக்கும் கணினிக்கும் இடையில் உள்ள வழியைச் சீர்செய்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உள்ளூர்ப் பாடல் ஒலிப்பதிவுகளின் தரம் குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த வாசகர் கருத்துகளைப் படித்தேன். நம் இளைஞர்கள் வெளியிடும் பாடல்களில் குரல் தெளிவாக இருந்தாலும் கித்தாரும் பேஸ் கித்தாரும் மந்தமாகவும் இரைச்சலோடும் ஒலிக்கின்றன என்பதும், சென்னைக் கலைஞர்களின் கைத்திறன் நம்மவர்களுக்கு இன்னும் கைகூடவில்லை என்பதும் அக்கருத்துகளின் சாரம். முதல் கூற்றை நான் மறுக்கவில்லை. இரண்டாவது கூற்று நம் கலைஞர்களுக்கு இழைக்கும் அநீதி. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பஜனைக் குழுக்களுக்கும் மேடை இசைக்குழுக்களுக்கும் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து வருபவன் நான். குறை வாசிப்பவரின் விரலில் இல்லை என்றும், கித்தாரிலிருந்து கணினிக்கு ஒலி போகும் வழியில்தான் இருக்கிறது என்றும் உறுதியாகச் சொல்வேன்.

இங்கே பெரும்பாலும் கித்தாரின் ஜாக்கை நேராக மிக்சரில் செருகி, மிக்சரிலிருந்து ஒரு வயரைக் கணினிக்கு இழுத்துவிடுகிறார்கள். ஒலி வந்துவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைக்கிறார்கள். கித்தாரில் உள்ள காந்தப் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. அதில் பிறக்கும் மின்னலை (ஒலியைச் சுமக்கும் மின் அலை) மிக நலிவானது. அது போய்ச் சேரும் இடத்தில் ஏறத்தாழ 10 லட்சம் ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு எதிரான தடை) இருந்தால்தான் தந்தியின் கூர்மை குறையாமல் பதிவாகும். மிக்சரில் கீபோர்டு போன்ற வலிய மின்னலைக்கான லைன் துளையில் இருப்பது பெரும்பாலும் 10 ஆயிரம் ஓம் அளவுதான். மைக் துளையில் அதனினும் குறைவு. அங்கே பிக்கப்பின் மேல் பளு ஏறிவிடுவதால் மேல் அதிர்வெண்கள் அடங்கிப்போய், காய்ச்சாத பறையைத் தட்டியதுபோல் கித்தார் ஒலிக்கிறது. வயலினிலும் மரக் கித்தாரிலும் ஒட்டப்படும், அதிர்வை மின்னலையாக்கும் பீசோ பிக்கப்பில் இதே தவறு வேறு விதமாக வெளிப்படுகிறது. அதில் கீழ் அதிர்வெண்கள் காணாமல் போய் ஒலி கீச்சென்று ஆகிவிடும். பஜனைக் குழுக்களின் வயலின்காரர்கள் இதற்காக எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

இதற்குத் தீர்வு, கருவிக்கும் மிக்சருக்கும் இடையில் இணைக்கும் உள்ளங்கை அகல டிஐ (DI) பெட்டி. கித்தாரின் நலிந்த மின்னலையை வாங்கி, மைக் வயரில் நெடுந்தொலைவு போகத்தக்க சமநிலை மின்னலையாக அது மாற்றித் தருகிறது. அந்த வயரில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று தலைகீழான அலையாகப் போவதால், வழியில் இரண்டிலும் சமமாக ஏறிக்கொண்ட இரைச்சல் மறுமுனையில் தானாகவே கழிந்துவிடும். மின்சாரம் தேவைப்படாத பாசிவ் வகைப் பெட்டியில் ஒரு மின்மாற்றி மட்டுமே இருக்கும். 12-க்கு 1 என்ற விகிதத்தில் கம்பி சுற்றியிருந்தால் மின்மறுப்பு 144 மடங்காகத் தெரியும். எனவே 1,500 ஓம் மைக் துளைகூடக் கித்தாரின் கண்ணுக்கு 2 லட்சம் ஓமுக்கு மேல் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. கீபோர்டுக்கும், பேட்டரி பொருத்திய பேஸ் கித்தாருக்கும் இந்த வகை போதும். பேட்டரி இல்லாத கித்தாருக்கும் பீசோவுக்கும் மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் வகையையே நான் பரிந்துரைப்பேன். மிக்சர் மைக் வயர் வழியாக அனுப்பும் 48 வோல்ட்டில் அது இயங்கிவிடும்.

இரைச்சலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இங்கு ஒரு கோவில் திருவிழாவுக்கான பக்திப் பாடலைப் பதிவு செய்தபோது, பேஸ் வாசித்த இளைஞர் பல்லவியின் முடிவில் தடித்த தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்திச் சுரத்தை நீட்டிக் கார்வை கொடுத்தார். அந்த ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; அதன் உறுமலும் ஒலியில் கலந்திருந்தது. இரண்டும் உரசிக்கொண்டதில் கார்வை விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. கூடியிருந்தவர்கள் அவருக்குக் கை நடுங்குகிறது என்றார்கள். மின்சார உறுமலை மட்டும் வடிகட்டவும் வழியில்லை. 50 ஹெர்ட்ஸை வெட்டினால் சுரமும் சேர்ந்து வெட்டுப்படும். மடிக்கணினியின் சார்ஜர் ஒரு மின்துளையிலும் பேஸ் ஆம்ப்ளிஃபையர் மற்றொன்றிலும் செருகப்பட்டிருந்ததால், இரண்டின் எர்த் இணைப்புகளும் ஒலி வயர் வழியாக ஒரு வளையமாகி அந்த உறுமலை உள்ளே விட்டிருந்தன. டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் உறுமல் அடங்கியது. கார்வை ஆடாமல் அசையாமல் நின்றது.

இந்த உறுமலுக்கு அஞ்சிச் சிலர் மூன்று முள் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் நம் மண்டபங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து இதை எவரும் செய்ய வேண்டாம். கிரவுண்ட் லிஃப்ட் துண்டிப்பது ஒலி வயரின் கவசக் கம்பியை மட்டுமே. மின்சாரப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். பிளக்கின் எர்த்தைக் கழற்றினால், ஆம்ப்ளிஃபையரில் கசிவு ஏற்படும் நாளில் 230 வோல்ட் மின்சாரம் கித்தார் தந்தி வழியாக வாசிப்பவரின் உடலில் பாயும். மைக்கில் உதடு படும்படி பாடிக்கொண்டே வாசிப்பவர் உயிர் பிழைப்பது அரிது.

பிரீஆம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஐ பெட்டியிலிருந்து வரும் ஒலியைப் பதிவுக்குரிய அளவுக்கு உயர்த்துவது அதன் வேலை. 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்ச அளவு, பதிவு தாங்கும் எல்லையான 0-க்குக் கீழே மைனஸ் 12 டெசிபல் வரை வந்தாலே போதுமானது. சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றினால் உடைந்த ஒலியை ஒட்டவைக்க யாராலும் முடியாது. விலையுயர்ந்த பிரீஆம்ப் வாங்கக் கடன்படும் இளைஞர்கள், அந்தப் பணத்தில் முதலில் நல்ல டிஐ பெட்டியும் நல்ல வயரும் வாங்கட்டும்.

நம்மைப் போன்ற தோட்டப்புற நகரங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, பதிவான ஒலியைப் பிறகு ஆம்ப்ளிஃபையர் வழியாக அனுப்பி மீண்டும் பதிவு செய்யும் ரீஆம்பிங் முறை. இங்குள்ள கித்தார்காரர்களில் பலர் செம்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ முறை வேலை பார்ப்பவர்கள். எல்லோரும் ஒன்றாகக் கூடுவது ஏதோ ஒரு மாலையில்தான். தரமான டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் அந்த மாலையில் கிடைக்காது. கிடைத்தாலும் தாமான் வரிசை வீட்டில் இரவு பத்து மணிக்கு அதை முழு ஒலியில் வைக்க முடியாது. ஆகவே டிஐ பெட்டி வழியாகக் கித்தாரின் வெறும் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். வாசிப்பவருக்கு உற்சாகம் குன்றாதிருக்க, ஆம்ப்ளிஃபையரைப் போலவே ஒலிக்கச் செய்யும் கணினி மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டரின் ஒலியை அவருடைய ஹெட்ஃபோனில் கொடுத்தால் போதும். பிறகு ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ நல்ல ஆம்ப்ளிஃபையர் கிடைக்கும் நாளில், அந்தப் பதிவை ரீஆம்ப் பெட்டி வழியாக அதற்குள் அனுப்பி, ஸ்பீக்கர் முன் மைக் வைத்து மீண்டும் பதிவு செய்யலாம். கணினியிலிருந்து வெளிவரும் லைன் மின்னலை கித்தாரின் மின்னலையைவிட வலியது. அதைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையர் எதிர்பார்க்கும் உயர் மின்மறுப்புக்கு மாற்றுவதே அந்தப் பெட்டியின் வேலை. அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஜான் குனிபெர்ட்டி 1990-களில் இதற்கெனவே ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது கைவசம் இல்லையென்றால், ஆபத்துக்குப் பாவமில்லை, பாசிவ் டிஐ பெட்டியைத் தலைகீழாக இணைத்தும் ஒப்பேற்றலாம். ஆம்ப்ளிஃபையரின் அதிர்வு தந்தியை மீட்டி எழுப்பும் நீண்ட முழக்கத்தை மட்டும் இம்முறையில் பெற முடியாது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

பேஸைப் பொறுத்தவரை, டிஐ ஒலி மட்டுமே பல நேரங்களில் போதும். 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், ஆம்ப்ளிஃபையர் முன் மைக் வைக்காமல் நேரடியாகவே பதிவானது. டிஐ ஒலியோடு மைக் ஒலியையும் கலப்பவர்கள் தூரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். மைக் 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி 1 மில்லி விநாடி தாமதமாக வரும்; இரண்டையும் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று தின்றுவிடும். பதிவில் ஓர் அலையை அந்த அளவு நகர்த்திவைத்தால் பேஸ் மீண்டும் திடமாகிவிடும்.

இளைஞர்களுக்கு இசைப் பயிலரங்கு நடத்தும் அமைப்புகளுக்கும் கோவில் நிர்வாகங்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக என் வேண்டுகோள்: மண்டபத்துக்கு அடுத்த ஸ்பீக்கர் வாங்கும் முன் இரண்டு டிஐ பெட்டிகள் வாங்குங்கள், பயிலரங்கில் ஒரு மணி நேரத்தை இணைப்பு முறைக்கு ஒதுக்குங்கள். ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் நண்பர்கள், பாடல் முடிந்ததும் கித்தார், பேஸ் ஆகியவற்றின் வெறும் ஒலிப் பதிவுகளைத் தனித்தனிக் கோப்புகளாக வாசித்தவரிடமே கொடுத்துவிட வேண்டும். பாடல் வெளியான பிறகும் அதன் ஒலியைத் திருத்த அவருக்கு அது ஒன்றே வழி.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.