டீசலின் பையில் இருந்த கணக்கு

சங்ககிரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணு,

நீ காய்ச்சலில் படுத்துப் பரீட்சை எழுதாமல் போனது மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவும் உன் சிநேகிதி அம்மாவிடம் வாய்தவறிச் சொன்னதால். அம்மா அழுதாள். நான் நம் டீசல் பம்ப் பட்டறைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமலே, டீசல் தூவும் நாசிலைச் சோதிக்கிற டெஸ்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை போனதற்காக இல்லை. மூன்று வாரமும் தினமும் "நல்லா இருக்கேன்பா" என்றாயே, அதற்காக.

சின்ன வயதில் அந்த டெஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நிற்பாய், ஞாபகம் இருக்கிறதா? கைப்பிடியை அழுத்தினால் டீசல் புகை மாதிரி விரிய வேண்டும். நுனியில் ஒரு சொட்டு நின்றாலும் நாசில் ஒழுகுகிறது என்று அர்த்தம். "அப்பா, சொட்டுது" என்று எனக்கு முன்னால் நீதான் சொல்வாய். போனில் உன் குரலில் இருந்த சொட்டை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பேசினால் எனக்குக் கோபம் வரும், உனக்கு அழுகை வரும். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் மியூனிக் மியூசியத்தில் நீ எடுத்தனுப்பிய 1897-ஆம் வருஷத்து இன்ஜின் படம் இன்னும் டெஸ்ட் பெஞ்சுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. ஒற்றை சிலிண்டர், அதன் உள்விட்டம் 250 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 400. இது எந்த வண்டியோடது என்று டிரைவர்கள் கேட்பார்கள். எல்லா வண்டிக்கும் இதுதான் பாட்டன் என்பேன். இத்தனை நாளும் அதை உருவாக்கிய ருடால்ஃப் டீசலைப் பற்றி உனக்கு இன்ஜின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன். அந்த மனுஷனின் கதையைச் சொன்னதில்லை.

1858-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன புத்தகம் கட்டுகிறவர், தோல் சாமான் செய்கிறவர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. அங்கிருந்து பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தொழில் பள்ளி, அப்புறம் உதவித்தொகையில் மியூனிக் பாலிடெக்னிக். அதுதான் இன்று நீ படிக்கிற பல்கலைக்கழகம். 1879-இல் கடைசிப் பரீட்சை நேரத்தில் அவரை டைபாய்டு படுக்கப் போட்டது. கூடப் படித்தவர்கள் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பரீட்சை வரும்வரை சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரிலிருந்த சுல்சர் இயந்திர ஆலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் எழுதி, மிகச் சிறப்பாகத் தேறினார். உன் நிலைமையும் இதேதான் கண்ணு. நாள் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஐஸ் இயந்திர வேலை. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த ஆசிரியர் லிண்டேவிடம்தான். நீராவி இன்ஜின் நிலக்கரிச் சூட்டில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று வகுப்பில் கேட்டது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. 1892-இல் பேட்டன்ட். 1893 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் ஆலையில் முதல் சோதனை. சிலிண்டரில் அழுத்தம் எகிறி அளவு காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. மயிரிழையில் தப்பினார்.

1894 பிப்ரவரி 17-ஐ மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இன்ஜினைச் சுற்றிவிட ஆலையின் சுழலும் தண்டிலிருந்து பெல்ட் போட்டிருந்தார்கள். அதுவரை பெல்ட்தான் இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பெல்ட்டின் மேல் பக்கம் வெடுக்கென்று இறுகியது. இன்ஜின் இழுக்க ஆரம்பித்துவிட்டது! அதை முதலில் கவனித்தவர் அங்கே நின்ற மெக்கானிக். ஒரு வார்த்தை பேசாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். ஓடியது ஒரு நிமிஷம்தான், நிமிஷத்துக்கு 88 சுற்று வேகத்தில். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பெல்ட்டின் எந்தப் பக்கம் இறுகுகிறது என்று பார்க்கிற கண் பட்டறையில் நின்று நின்றுதான் வரும்.

இன்னும் மூன்று வருஷம் போராடித்தான் உன் படத்தில் இருக்கிற இன்ஜின் வந்தது. பாலிடெக்னிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து சோதித்தார். எரிபொருள் சூட்டில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நல்ல நீராவி இன்ஜினே பத்து சதவீதத்தை ஒட்டித்தான். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் நம் வீட்டில் ஊற்றுகிற கடலை எண்ணெயிலேயே ஓடியது. ஆனால் எண்ணெயைத் தூவத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்ததால் லாரிக்குள் அடங்கவில்லை. பாஷ் கம்பெனி 1927-இல், கம்ப்ரஸர் இல்லாமலே டீசலைத் தள்ளித் தூவ வைக்கிற பம்ப்பை மொத்தமாகச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது லாரிகளில் பரவியது. அந்தப் பம்ப்தான் நமக்குச் சோறு போட்டது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பேட்டன்ட் வழக்கு, ஓயாத தலைவலி, 1898-இல் மனசும் உடம்பும் ஓய்ந்து சானடோரிய வாசம். வந்த பணத்தை நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்டு இழந்தார். மியூனிக்கில் பெரிய மாளிகை, வெளியே பார்த்தால் கோடீஸ்வரர். 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி ஆன்ட்வெர்ப்பில் கப்பலேறினார், இங்கிலாந்து போக. காலை ஆறே காலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனவரைக் காலையில் காணோம். படுக்கை கலையவே இல்லை. பத்து நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலிலிருந்து எடுத்த மூக்குக் கண்ணாடிக் கூடு, பேனாக் கத்தி போன்றவற்றைப் பார்த்து மகன்தான் அடையாளம் சொன்னார். எப்படி விழுந்தார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

கிளம்பும் முன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்தால் 20,000 மார்க் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் தாள்களும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். எனக்கு நெஞ்சை அடைக்கிற இடம் இதுதான்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ எட்டாவது படிக்கும்போது பம்ப்பின் அளவைச் சரிபார்க்கிற காலிபரேஷன் மெஷின் வாங்கப் பட்ட கடனை அம்மாவிடம் ஒரு வருஷம் மறைத்தேன். ராத்திரி தூக்கம் வராது, வேலை அதிகம் என்று சொல்வேன். வட்டி நோட்டீஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவள் திட்டவே இல்லை. தோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் முழிச்சிருந்திருப்போம்ல" என்றாள்.

உடம்பு தேறியதும் ஒரு நாள் ரயிலேறி ஆக்ஸ்பர்க் போய் வா. விட்டெல்ஸ்பாக் பூங்காவில் டீசலுக்காகக் கல்லால் அமைத்த ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. 1957-இல் ஜப்பானிலிருந்து யான்மார் இன்ஜின் கம்பெனியை ஆரம்பித்த யமாவோகா நன்றியாகக் கொடுத்தது. அந்தக் கல் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்தனுப்பு.

அதற்கு முன்னால் இன்னொன்று. லோன், ரூம் வாடகை, அடுத்த பரீட்சை வரைக்கும் ஆகிற செலவு, எல்லாவற்றையும் ஒரே தாளில் உன் கையால் எழுதி இன்றைக்கே அனுப்பு. இருக்கிறபடி எழுது, குறைக்காதே. அம்மா கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அப்பா