குறிச்சிப் பட்டறையை வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு விலை பேசியிருக்கிறாய் என்று அம்மா சொன்னார். "பிசினஸ் படிக்காதவன் நான், சரிப்படுமா?" என்று அவரிடம் கேட்டாயாம். பம்ப் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் 16 வருடம் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றவன் நீ. ஷாஃப்ட்டைக் கையில் எடுத்ததுமே யார் கடைந்தது என்று சொல்லிவிடுவாய். உன் படிப்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பட்டறையை விற்கும் பெரியவர் காட்டிய லாபக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மாதம் 1,10,000 ரூபாய் மிஞ்சுகிறது என்றாராம். பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஷெட் அவருடைய சொந்தம், வாடகை கிடையாது. காலையில் வந்து மெஷினில் செட்டிங் போடுவது அவரே. பில் எழுதுவது அவர் மனைவி. இருவரும் சம்பளம் எடுத்ததில்லை. வாடகைக்கு 25,000, செட்டருக்கு 30,000, கணக்கு எழுதும் ஆளுக்கு 15,000 கழித்துப் பார். 40,000தான் நிற்கும். செட்டிங் நீயே போட்டாலும் உன் உழைப்புக்குக் கூலி போட்டுத்தான் பார்க்க வேண்டும். வங்கித் தவணையும் அந்த 40,000-க்குள்தான். விலையை அதை வைத்துப் பேசு.

42 வயதில் அந்த ஆஃப்செட் அச்சகத்தை வாங்கியபோது நான் ரோலரைத் தொட்டுப் பார்த்தேன், அச்சு விழுவதைப் பார்த்தேன், வரிக் கணக்கைப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் பழைய பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. தொழில் கைமாறும் நாள் வரையிலான வரிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85-ஆம் பிரிவு. பாக்கி இருப்பது பிறகு தெரியவந்தாலும் அப்படித்தான். என் வளையல்கள் அதற்குத்தான் போயின. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவர் ஜி.எஸ்.டி.க்குத் தாக்கல் செய்த மூன்று வருட 3பி ரிட்டர்னையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிட்டரைப் பார்க்கச் சொல். விலையில் ஒரு பகுதியை ஒரு வருடம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள். மெஷின்கள் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

இன்னொன்று. பட்டறை அவர் ஒருவர் பேரில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் அவருடைய பான் எண்ணோடு கட்டியது, உனக்கு வராது. நீ புது எண் வாங்கி, ஒவ்வொரு கம்பெனியிலும் சப்ளையர் என்று பதிந்து புதிதாக வெண்டர் கோடு போட வேண்டும். அதற்குள் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடலாம். அவருக்குப் பாதி வேலை தருவது உன் கம்பெனியே அல்லவா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உன் மேனேஜரிடம் நேரில் சொல்லிவிடு. பிறர் வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம்.

அங்கே 11 பேர் இருக்கிறார்கள். பத்துப் பேர் இருந்தாலே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு; வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். 19 வருடமாக லேத்தில் நிற்கும் அந்த டர்னருக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போடு. பழைய வருடங்களுக்கு யார் கொடுப்பது என்று இப்போதே எழுதிவிடுங்கள். எந்த மெஷினில் டேப்பர் விழுகிறது (கடைந்தது ஒரு பக்கம் சிறுத்துப்போகிறது), எந்தக் கம்பெனி பணத்தை 90 நாள் இழுக்கிறது என்பதெல்லாம் அந்த டர்னருக்குத்தான் தெரியும். அவர் மனம் கோணக்கூடாது.

பெரியவர் ஆறு மாதமாவது உன்னோடு பட்டறைக்கு வரச் சம்மதிப்பாரா என்று கேள். ஞாயிற்றுக்கிழமை வங்கி ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்துக்கொண்டு வா, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா