முதலில் வெயிலை வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழாத குறையாகப் பேசியது இரவெல்லாம் மனதிலேயே நின்றது. நீ டிசைன் செய்யும் அந்த வீட்டு ஹாலை மூன்று நாள் கண்விழித்துக் கம்ப்யூட்டரில் போட்டோ போன்ற படமாக உண்டாக்கிக் கொண்டுபோனாய். வீட்டுக்காரரோ சோபாவின் கைப்பிடி பிடிக்கவில்லை என்று ஒரு மணி நேரத்தை ஓட்டிவிட்டார். ஜன்னலைப் பெரிதாக்கலாமா என்ற உன் கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. எனக்குப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர்மேல் தப்பில்லை கண்ணு. படம் போட்டோ மாதிரி இருந்தால் எல்லாம் முடிவாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். சென்னையில் முப்பது வருஷம் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களுக்குப் பெர்ஸ்பெக்டிவ், அதாவது கட்டப்போகும் அறை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் படம், வரைந்தவன் நான். என் வாட்டர்கலரில் சோபா என்பது பிரஷ்ஷால் மூன்று இழுப்பு, அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. "சாயங்காலம் இந்த மூலைக்கு வெயில் வருமா?" என்றுதான் கேட்பார்கள்.

பேப்பரை நனைத்துப் போர்டில் விரித்து, நாலு ஓரமும் கம் டேப் ஒட்டிவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் மேளத்தோல் மாதிரி விறைத்திருக்கும். பென்சில் கோடு முடிந்தபிறகு அரை மணி நேரம் பிரஷ்ஷைத் தொடமாட்டேன். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர்தான். தரையில் விழும் வெயில் பட்டையை நிறம் படாமல் விட்டால்தான் உண்டு. பிறகு வெள்ளை பெயின்ட் வைத்தால் சுண்ணாம்பு அப்பியது போலத் தெரியும். அறைக்குள் வெயில் எந்த வழியாக வருகிறது என்று தீர்மானிக்காமல் முதல் வாஷ், அதாவது தண்ணீராய்க் கரைத்த நிறப் பூச்சு, அதைக்கூடப் போட முடியாது. உன் கம்ப்யூட்டரில் விளக்கைக் கடைசியில்கூட நகர்த்தலாம், இதில் முடியாது.

அப்புறம் போர்டைச் சற்றே சாய்த்து, படத்தின் சுவர் முழுக்க அந்த வாஷை மேலிருந்து கீழாக ஒரே ஈரத்தில் இறக்க வேண்டும். பாதியில் நின்றால் காய்ந்த விளிம்பு கோடாகத் தங்கிவிடும். இன்னொன்று, ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும். ஒரு டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு இதை மறந்து பச்சை போட்டேன். வெளிறிய அந்தப் பச்சைதான் அவர்களுக்குப் பிடித்துப்போனது. அதைச் சுவரில் கொண்டுவரப் பாவம் பெயின்டர் ஆறு தடவை கலந்தார். அன்றிலிருந்து நிறத் துண்டும் திரைத்துணித் துண்டும் ஓரத்தில் ஒட்டாமல் எந்தப் படத்தையும் நான் வெளியே விட்டதில்லை.

நீ இருக்கும் லண்டனிலேயே லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் சர் ஜான் சோன் என்ற அந்தக்கால ஆர்க்கிடெக்டின் மியூசியம் இருக்கிறது, டிக்கெட் கிடையாது. ஒரு சனிக்கிழமை போய்வா. அவருக்கு முந்தைய ஆர்க்கிடெக்டான ராபர்ட் ஆடம் ஆபீஸின் சுமார் 8,000 வரைபடங்களை 1833இல் சோன் வாங்கிச் சேர்த்தார். எல்லாம் வெளியே வைத்திருக்க மாட்டார்கள், இணையத்திலும் தேடிப்பார். எனக்கு அதைவிட நெருக்கமானவர் சோனுக்கு வரைந்த ஜோசப் கேண்டி. அவரும் ஆர்க்கிடெக்ட்தான், ஆனால் சொந்தமாகக் கட்டியது கொஞ்சம். சோன் கட்டிய பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் உள்மண்டபங்களில் பெரும்பாலானவற்றை 1920களிலும் 30களிலும் இடித்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள் உண்டு. கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கிய விதத்தை நிறத்தோடு பார்க்கக் கேண்டியிடம்தான் போக வேண்டும். அடுத்தவர் அறைக்கு வெளிச்சம் போட்டே வாழ்ந்த மனுஷன், கூடப்பிறந்தவர் மாதிரி தோன்றும் எனக்கு.

அடுத்த தடவை அந்த வீட்டுக்காரரிடம் லேப்டாப்பைத் திறக்காதே. ஒரே ஹால், ஒரே கோணம், இரண்டு சின்ன வாட்டர்கலர். ஒன்றில் இப்போதிருக்கும் ஜன்னல், இன்னொன்றில் நீ நினைக்கும் ஜன்னல். ஒரு நாள் வேலைதான். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இரு.

என் 8ஆம் நம்பர் பிரஷ்ஷை உன் பெரியம்மா மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தண்ணீர் டம்ளரில் நிறுத்திவைக்காதே, முனை வளைந்துவிடும். அலசி, விரலால் முனையைக் கூராக்கி, படுக்கவைத்துக் காயவிடு.

அன்புடன்,
அப்பா